350 மடங்கு தண்ணீரும் சீரற்ற வலையும்

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி சுற்றுவட்டாரத்தில் மானாவாரியாகக் கேழ்வரகும் சாமையும் விதைப்பவர்களின் பெரிய கவலை, ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையில் விழும் காய்ச்சல்தான். அதைத் தாண்டிவர டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது பூசா ஹைட்ரோஜெல். ஏக்கருக்கு ஒன்றிரண்டு கிலோ ஹைட்ரோஜெல் குருணையைக் காய்ந்த மண்ணோடு கலந்து, விதைக்கும்போது வேர் படும் ஆழத்தில் இடுகிறார்கள். தன் எடையைப் போல் குறைந்தது 350 மடங்கு தண்ணீரை அது உறிஞ்சும்.

கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் ஒரு கிலோ பிடிப்பது 350 லிட்டர். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தாலே 4,000 லிட்டருக்கு மேல். ஒரு தடவை நிரம்புவதால் மட்டும் பயிர் பிழைக்காது. நிரம்பி, வேருக்குக் கொடுத்து வற்றி, அடுத்த மழைக்கு மறுபடி நிரம்ப வேண்டும். அத்தனை முறை தாங்குமா என்பதைத் தீர்மானிப்பது குருணைக்குள் இருக்கும் வலை.

நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து முடிச்சுப் போட்டதுதான் அந்த வலை. ஃப்ளோரியும் ரேனரும் 1943-இல் ஜெல் ஊறுவதை விளக்கியபோது முடிச்சுகள் எங்கும் சீராக இருப்பதாகவே வைத்துக்கொண்டார்கள். உண்மையில் அப்படி அமைவதில்லை. ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் மெத்திலீன் பிஸ்அக்ரிலமைடு என்ற பிணைப்பிக்கு வினைபுரியும் முனை இரண்டு. அதனால் வினையின் தொடக்கத்திலேயே அதில் பெரும்பகுதி செலவாகிவிடும். முதலில் உருவான இடங்களில் முடிச்சுகள் நெருக்கமாகவும் பின்னால் உருவானவற்றில் அருகியும் கிடக்கும். சில சங்கிலிகள் ஒரு முனை பிடிப்பின்றித் தொங்கும். சில தன்னையே வளைத்துக் கண்ணியாகிவிடும். இவ்விரண்டும் சுமை தாங்காது. இறுக்கமும் தளர்வும் கலந்து பின்னிய கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் இறுகிய கயிறுதானே முதலில் அறும்! இங்கும் குட்டையான இழைகள்தான் முதலில் அறுகின்றன.

தண்ணீர் ஏற ஏற இந்த ஏற்றத்தாழ்வு கூடும். தளர்ந்த பகுதி உப்பும், நெருங்கிய பகுதி பின்தங்கும். தெளிவாக இருந்த ஜெல் ஊறியதும் பால்போல் மங்குவது ஒளி சிதறுவதால்தான். இந்தச் சீரின்மை நானோமீட்டர் அளவினது. அதை அளக்க நியூட்ரான் கற்றை உதவும். மும்பை டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் அந்த வசதி இருக்கிறது.

வலையைச் சீராக்க வழியே இல்லாமலில்லை. 2008-இல் ஜப்பானில் சகாய் குழுவினர், நான்கு கை கொண்ட இருவகை மூலக்கூறுகளை எடுத்து, ஒருவகை மற்றவகையோடு மட்டுமே சேரும்படி செய்தார்கள். ஏறத்தாழச் சீரான, நன்கு அழுத்தம் தாங்கும் ஜெல் கிடைத்தது. வயலுக்கு அது கட்டுபடியாகாது என்பது என் எண்ணம். சீரின்மையை வேண்டுமென்றே புகுத்துவதும் உண்டு: குழந்தைகளின் டயப்பர் குருணையில் உள்ளே தளர்வாகவும் மேற்பரப்பில் இறுக்கமாகவும் பிணைக்கிறார்கள். இல்லாவிட்டால் குருணைகள் ஒட்டிக்கொண்டு தண்ணீரின் வழியை அடைத்துவிடும்.

நம் ஊர்ப் பக்கம் கவனிக்க வேண்டியது கடினத் தண்ணீர். போர் தண்ணீரிலுள்ள கால்சியம், ஜெல்லின் எதிர்மின் குழுக்களைப் பற்றிப் புதிய முடிச்சுகளைப் போடும். அதுவும் குருணையின் வெளிப்புறத்தில் முதலில். 350 மடங்கு என்பது உப்பில்லாத தண்ணீரில் கிடைக்கும் அளவு. உப்பு கூடினால் அது வெகுவாகச் சரியும். பாக்கெட்டில் கடினத் தண்ணீருக்கான அளவும், பலமுறை ஊறிக் காய்ந்த பின் நிற்கும் அளவும் அச்சாக வேண்டும். விவசாயிக்கு அவைதான் உதவும்.

அதுவரை, தருமபுரி மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் பாப்பாரப்பட்டியிலேயே இருக்கிறது, அங்கே கேட்கலாம். வீட்டிலும் பார்க்கலாம். ஒரு கிராம் குருணையை ஒரு லிட்டர் போர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி எடை போடுங்கள். காயவைத்து மறுபடி ஊறவையுங்கள். ஒவ்வொரு தடவையும் எடையைக் குறித்து, மழைத் தண்ணீரில் ஊறியதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை கிலோ வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்.