யாருக்காக இந்தப் பரிசோதனை?

பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாளில், எங்கே வலை போடலாம் என்பதைப் 'பாடு' முறை தலைமுறைகளாக முடிவு செய்து வந்திருக்கிறது. அதில் உரிமை பெறுபவர்கள் ஆண்கள். முகத்துவாரம் மணலால் அடைபட்டு மீன்பாடு குறையும்போது, குழுக் கடன் தவணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெண்கள். புரோக்கர்கள் குறிவைப்பது இப்படிப்பட்ட வீடுகளைத்தான். சுனாமியால் இடம்பெயர்ந்து எர்ணாவூரில் குடியேறிய மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்றது 2007-இல் வெளியே வந்தது. நாளை கருமுட்டை கேட்டு இந்தக் குப்பங்களுக்கு யாராவது வந்தால், வாசலிலேயே அவர்களைக் கேள்வி கேட்கும் தெளிவு நம் பெண்களுக்கு வேண்டும்.

2021-இல் நிறைவேறி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, கருமுட்டை கொடுப்பவருக்கு வயது 23 முதல் 35-க்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. விற்பது குற்றம். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ் பரிசோதனைகள் கட்டாயம். தலசீமியா போன்ற பரம்பரை நோய்களையும் பார்ப்பார்கள். இவை பெரும்பாலும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் பெறப்போகும் தாய்க்குமான பாதுகாப்பு. அது தேவைதான். கொடுப்பவளுக்கான பாதுகாப்பு எங்கே?

ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஸ்கேனில் சினைப்பையின் சிறு நீர்க்குமிழ்களையும் எண்ணுவார்கள். இரண்டும் கூடுதலாக இருந்தால் நிறைய முட்டை கிடைக்கும் என்பதால் அந்தப் பெண்ணுக்குக் கிராக்கி அதிகம். பத்து, பன்னிரண்டு நாள் ஊசி போட்ட பிறகு சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சு வாங்கும் ஆபத்தும் அப்படிப்பட்ட உடம்புக்குத்தான் அதிகம். கிராக்கிக்குக் காரணமான அதே எண், மருத்துவருக்கு எச்சரிக்கை. மருந்தின் அளவைக் குறைத்து, முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசியை மாற்றிப் போட்டால் இந்த ஆபத்தைப் பெருமளவு தவிர்க்கலாம். "என் ஏ.எம்.எச். எவ்வளவு, எந்தக் கடைசி ஊசி போடுகிறீர்கள்?" என்று கேட்க அவளுக்கு முழு உரிமை உண்டு.

ஈரோட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. 2022 ஜூனில் 16 வயதுச் சிறுமியின் தாய், தாயுடன் வாழ்ந்தவர், பெண் புரோக்கர் ஆகியோர் கைதானார்கள். ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, பல மருத்துவமனைகளில் திரும்பத் திரும்பக் கருமுட்டை எடுக்க வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மக்கள் நல்வாழ்வுத் துறை விசாரணைக்குப் பிறகு, ஜூலையில் அமைச்சர் மா. சுப்பிரமணியன் மருத்துவமனைகள் மீது நடவடிக்கை அறிவித்தார். ஊசி போடவும் ஸ்கேன் பார்க்கவும் மயக்க மருந்து கொடுக்கவும் எத்தனை பேர் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பார்கள்! கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, "உனக்கு என்னம்மா வயசு? இதற்கு முன்னாடி எங்கேயாவது எடுத்திருக்காங்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்விகளுக்கான பதிலை எந்த லேபும் தராது.

கருமுட்டை பெறும் தம்பதிக்குத் தானம் தருபவர் யாரென்று தெரியாது. உயரம், நிறம், படிப்பு போன்றவை தெரியலாம். அவர்களும் கருமுட்டை வங்கியிடம் ஒன்று கேட்கலாம்: அந்தப் பெண்ணின் பெயரில் பன்னிரண்டு மாதக் காப்பீடு எடுத்தாயிற்றா? சட்டப்படி அது தம்பதி எடுத்துக் கொடுக்க வேண்டியது. பாலிசியின் நகல் அவள் கைக்கு வராமல் முதல் ஊசி போடவே கூடாது.