ஓட்டை போடும் வித்தை

சுங்கை காடுட் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போனவர்கள், வீட்டில் இருப்பதிலேயே பழைய சட்டையைத்தான் மாட்டிக்கொண்டு போவார்கள். பால் கறை பட்டால் போகாது. அந்தச் சட்டையும் கந்தலானால் லோரி துடைக்க, அப்புறம் குப்பைக்கு. இப்போது அறிவியலாளர்கள் கேட்பது அந்தப் பருத்திக் கந்தலைத்தான்.

பருத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் செல்லுலோஸ். அது சில இடங்களில் அடுக்கிய விறகுபோல் இறுகிப் படிகமாக இருக்கும். சில இடங்களில் கலைந்து தளர்ந்திருக்கும். பேட்டரித் தண்ணீர் ஒரு சொட்டு கால்சட்டையில் தெறித்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. துவைத்து எடுத்தால் ஓட்டை! அதிலுள்ள கந்தக அமிலம் தளர்ந்த இடமாகப் பார்த்து அறுத்திருக்கும்; இறுகிய படிகத்துக்குள் அவ்வளவு சீக்கிரம் நுழையாது. இந்த ஓட்டையை அளந்து போடுவதுதான் நானோசெல்லுலோஸ் எடுக்கும் வித்தை.

துணியைச் சாயம் போக வெளுத்து, அரைத்து, 64 விழுக்காட்டுக் கந்தக அமிலத்தில் 45 பாகை செல்சியஸ் சூட்டில் முக்கால் மணி நேரம் போலக் கலக்குவார்கள். கவனம் பிசகி நேரம் கூடினால் படிகமும் கரைந்து சர்க்கரையாகிவிடும். ஆகவே பத்து மடங்கு குளிர்நீரைச் சேர்த்து நிறுத்திவிட்டு, அமிலம் போகும்வரை நாள்கணக்கில் கழுவுவார்கள். மிஞ்சுவது நீர்த்த கஞ்சி போன்ற ஒரு கலங்கல். அதில் மிதக்கும் படிக ஊசிகள்தான் நானோசெல்லுலோஸ்; அவற்றின் தடிமன் 5 முதல் 10 நானோமீட்டர். நம் தலைமுடியோ ஏறத்தாழ 80,000. விறைப்பில் இந்த ஊசிகள் எஃகை நெருங்கும், எடையோ அதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

சுவீடனில் பெங்ட் ரோன்பி 1950 வாக்கிலேயே இப்படிப் பிரித்துக் காட்டிவிட்டார். நமக்குப் பக்கத்தில், பாங்கியிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தார் கெனாப் என்னும் புளிச்சை நாரிலிருந்து இதை எடுத்தார்கள். இதை ரப்பர் பாலில் கலந்து ரப்பருக்கு உறுதி ஏற்றும் ஆய்வுகளும் உண்டு. பால் கறை பட்ட சட்டை பாலுக்கே திரும்பிப் போகிறது!

ஆனால் அமிலம் கலந்த கழுவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு சிறியதல்ல. பாலியெஸ்டர் கலப்புத் துணி அதைவிடத் தலைவலி. பருத்தி கரைந்தாலும் பாலியெஸ்டர் அப்படியே கிடக்கும். உங்கள் சட்டை எந்த ரகம் என்று சந்தேகமா? ஓர் இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம்போல் எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர்.