மைதாவில் ஒரு யானை!

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்தால், வாசலிலேயே 'அப்பா, பொம்மை!' என்கிறாள் மகள். மாசக் கடைசி; பர்ஸ் காலி. நேரே சமையல்கட்டுக்குப் போனேன்.

மைதா 2 கப், தூள் உப்பு 1 கப். ஏறக்குறைய 1 கப் தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டு, சப்பாத்தி மாவு பதத்தில் பிசையுங்க. யானை ரெடி! காற்றாடக் காய்ந்தால் கெட்டியாகும். ஓசூர் தூறலில் சுலபத்தில் காயாது; உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் வார்னிஷ் அடிச்சிடுங்க. வாண்டுகள் வாயில் போடாமல் பார்த்துக்கங்க, அத்தனையும் உப்பு!

சோளமாவும் ஃபெவிகாலும் சம அளவு பிசைந்தால் இன்னும் வழவழப்பு.

ஏரிக் களிமண் வேறு ஜாதி. வெயிலில் காய்ந்தது தண்ணீரில் கரையும். சூளையில் 600 டிகிரி தாண்டினால் மண்ணுக்குள் பிணைந்த நீரும் போய்விடும். அப்புறம் கரையவே கரையாது. அதனால் பானையைச் சுடுங்க, பிள்ளையாரைச் சுடாதீங்க. பாவம், அவர் ஊர் திரும்ப வேண்டாமா?