மரக்கலமும் மரக்காலும்

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் நிலையை எண்ணிப் பார்க்குமாறு திருமறை பல இடங்களில் நம்மை ஏவுகிறது. மேடைகளில் இதனை எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறேன். ஆயினும், ஒரு கடற்கரைப் பட்டினத்துக்குச் சென்று திரும்பிய பின்னரே அதன் பொருள் என் நெஞ்சில் இறங்கியது.

எங்கள் வேப்பந்தட்டை கடல் காணாத ஊர். பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் நிலங்களுக்கு நடுவே இருப்பது. மழை பெய்தால் விளைச்சல், பொய்த்தால் கடன். இத்தகைய ஊரில் பிறந்த எனக்கு, மதரஸாவில் என்னுடன் ஓதிய நண்பர் ஒருவர் தம் மகனின் நிகாஹுக்கு அழைப்பு விடுத்தார். அவர் காயல்பட்டினத்தார். சென்ற ஆண்டு திருச்சியில் இரயிலேறித் திருநெல்வேலி சென்று, அங்கிருந்து திருச்செந்தூர் வண்டியில் காயல்பட்டினம் போய் இறங்கினேன்.

என் பையில் பழைய கிதாபு ஒன்று இருந்தது. என் பாட்டியாருடையது. நன்னி என்று நாங்கள் அழைத்த அவர் 1991ஆம் ஆண்டு மவுத்தானார். இறுதி நாட்களில் அவருக்கு நா எழவில்லை. ஓதி முடித்துப் பட்டம் பெற்று வந்திருந்த என்னைக் கையசைத்து அழைத்து, தலைமாட்டிலிருந்த அந்தக் கிதாபின் மேல் என் கையை எடுத்து வைத்தார். அதன் முன்னேட்டை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். ஓதச் சொல்கிறார் போலும் என்று எண்ணி, யாஸீன் ஓதினேன். அவர் கண்களில் நீர் வழிந்தது. ஓதலின் உருக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அது அரபுத் தமிழ்க் கிதாபு. தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதுவது நம் முன்னோர் வழக்கம். அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு, உள்ள எழுத்துகளின் மேலும் கீழும் குறிகள் இட்டு நிறைவு செய்வார்கள். தொழுகைச் சட்டம் முதல் மருத்துவம் வரை அதில் நூல்கள் உண்டு. பள்ளிக்கூடம் காணாத நம் பாட்டிமார்கள் மார்க்கம் கற்றது பெரும்பாலும் அவ்வெழுத்தின் வழியேதான். நானோ, ஏழாண்டுகள் அரபு இலக்கணம் படித்த செருக்கில், ‘இது அரபியுமன்று, தமிழுமன்று’ என்று அதனை அலமாரியில் வைத்துவிட்டேன். காயல்பட்டினத்தில் இன்னும் இதனை ஓதத் தெரிந்த முதியோர் உளர் என்று நண்பர் சொன்னதால்தான், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது வெளிச்சம் கண்டது.

வெனிஸ் வணிகர் கண்ட காயல்

ஐரோப்பாவின் அட்ரியாடிக் கடலோரத்தில் வெனிஸ் என்னும் நகர் உண்டு. நீரின் மேல் எழுந்த நகரம். வணிகத்தால் வளர்ந்த நகரம். அங்கே பிறந்த மார்க்கோ போலோ, சீனத்திலிருந்து தாயகம் திரும்பும் வழியில், 1290களின் தொடக்கத்தில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். கடலோரப் பெருநகர் ஒன்றில் வளர்ந்தவரின் கண்ணுக்கும் காயல் பெருநகராகவே தோன்றியது. ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளையும் சரக்குகளையும் ஏற்றிவரும் மரக்கலங்கள் இங்கே அணைந்தன என்றும், மன்னர் நீதி வழுவாது அயல்நாட்டு வணிகரைப் பேணியதால் அவர்கள் விரும்பி வந்தனர் என்றும் எழுதி வைத்தார். அக்காலத்தில் பாண்டிய மன்னரின் அமைச்சராக இருந்து, காயல் முதலிய துறைமுகங்களைப் பொறுப்பேற்று நடத்தியவர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் என்னும் முஸ்லிம் பெருமகனார் என்பதைப் பாரசீக வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

மார்க்கோ போலோ இந்நாட்டைப் பற்றிச் சொன்னவற்றுள் ஒரு செய்தி என் கருத்தைக் கவர்ந்தது. கடன் பட்டவன் தவணை சொல்லிச் சொல்லி ஏமாற்றினால், கடன் கொடுத்தவன் சமயம் பார்த்து அவனைச் சுற்றித் தரையில் வட்டமாக ஒரு கோடு கிழித்துவிடுவானாம். கடனைத் தீர்க்காமல், அல்லது தக்க பிணை கொடுக்காமல், அவன் அக்கோட்டைத் தாண்டலாகாது; தாண்டினால் கடுந்தண்டனை. ஒரு நாள், அயல்நாட்டு வணிகர் ஒருவருக்குப் பணம் தரவேண்டியிருந்த மன்னரே குதிரை மேல் வந்துகொண்டிருந்தார். வணிகர் குதிரையைச் சுற்றிக் கோடு கிழித்தார். மன்னர் குதிரையை நிறுத்தினார். கடன் தீரும் வரை அவ்விடத்தை விட்டு அசையவில்லை. அதனைத் தம் கண்ணால் கண்டதாக மார்க்கோ போலோ கூறுகிறார். ஒரு துறைமுகம் செழிப்பதற்கு ஆழமான நீர் மட்டும் போதாது. வாங்கியதைத் திருப்பித் தரும் நாணயமும் வேண்டும் அன்றோ!

அவர் கண்ட காயல் இன்றைய காயல்பட்டினத்துக்கு வடக்கே, தாமிரபரணி முகத்துவாரத்தை ஒட்டிய பழையகாயல் என்பது கால்டுவெல் பாதிரியார் போன்ற ஆய்வாளர்களின் கருத்து. அவர் அங்கே அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. சங்க காலத்தில் முத்துக்குப் புகழ்பெற்ற கொற்கையும் அருகிலேயே உள்ளது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்கியது. கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. பின்னர்க் காயலுக்கும் அதே கதி நேர்ந்தது. திருச்செந்தூர்ச் சாலையில் பழையகாயலைக் கடக்கும்போது நண்பர் வண்டியை நிறுத்தினார். வயலும் உப்பளமும் கண்டேன். மரக்கலம் நின்றதற்கு அடையாளம் ஏதும் காணவில்லை.

கரையோர மரபு

காயல்பட்டினத்தில் முதல் நாளே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. எங்கள் ஊர் வழக்கப்படி அஸர் தொழப் பள்ளிவாசலுக்குச் சென்றேன். ஜமாஅத் முடிந்து வெகுநேரமாகியிருந்தது. நண்பர் சிரித்தார். உள்நாட்டில் நாங்கள் ஹனஃபிகள்; கரையோரத்தார் ஷாஃபிஈ மத்ஹபினர். அவர்களுக்கு அஸர் நேரம் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. மறுநாள் ஃபஜ்ரில் இமாம் குனூத் ஓதியபோது, எங்கள் மத்ஹபு கற்பித்தபடி கைகளைத் தொங்கவிட்டு மௌனமாக நின்றேன். பக்கத்தில் நின்றவர் கையேந்தி ஆமீன் கூறினார். இருவருக்கும் கிப்லா ஒன்றே. அரபுக் கரையிலிருந்து கப்பலில் வந்த மரபும், வடக்கிலிருந்து தரைவழியே வந்த மரபும் தமிழ்நாட்டில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன என்று எண்ணி மகிழ்ந்தேன்.

குத்பா பெரிய பள்ளியின் கல் தூண்கள், வீடுகளுக்கிடையே பெண்கள் மட்டும் நடமாடுவதற்கென்று விடப்பட்டுள்ள முடுக்குகள், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே வாழவைக்கும் வழக்கம் எனக் கண்டவை பல. சதக்கத்துல்லாஹ் அப்பா 1632இல் பிறந்தது இவ்வூரில்தான். அரபுப் பாக்களால் கடல் கடந்தும் புகழ்பெற்ற அப்பெரியார் 1703இல் மறைந்து கீழக்கரையில் அடங்கியிருக்கிறார். அரபுத் தமிழில் நூல்கள் இயற்றிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களும் இவ்வூரில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்தவரே. சீறாப்புராணம் பாட உரை வேண்டி வந்த உமறுப் புலவரைச் சதக்கத்துல்லாஹ் அப்பா முதலில் மறுத்துவிட்டு, பின்னர் மனம் மாறி வழிகாட்டினார் என்று மரபுவழிச் செய்தி ஒன்று உண்டு. பேரறிஞர் விரைவில் மனம் மாறினார். சிற்றறிவு படைத்த எனக்கோ முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

திரைக்குப் பின்னிருந்து ஒரு குரல்

நிகாஹ் முடிந்த மறுநாள், நண்பர் தம் உறவினர் வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்றார். எண்பது வயது கடந்த மூதாட்டி ஒருவர் உள்ளறையில் இருந்தார். நாங்கள் முன்னறையில் அமர்ந்தோம், இடையே திரை. கிதாபை அவருடைய பேத்தி வாங்கி உள்ளே கொண்டு சென்றாள். கல்லூரியில் படிக்கும் அப்பெண்ணுக்கும் அவ்வெழுத்து தெரியாதாம்.

சிறிது நேரத்தில் திரைக்குப் பின்னிருந்து குரல் எழுந்தது. ஒளூவின் ஃபர்ளுகள், அதனை முறிப்பவை, குளிப்பின் முறைகள் எனத் தடையின்றி ஓடியது ஓதல். எழுத்துக் கூட்டி நான் திணறிய வரிகள் அவர் நாவில் இனிய தமிழாக ஒலித்தன. நண்பர் என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்தேன்.

பின்னர் முன்னேட்டைப் பார்க்குமாறு வேண்டினேன். அதில் மையால் எழுதிய சில வரிகள் இருந்தன. துஆ என்றே நான் நம்பியிருந்தேன். குரல் சற்றுத் தயங்கியது.

“ஆலிம்சா, இது ஓதுற எழுத்தில்லை வாப்பா. இது கணக்கு எழுத்து” என்றார் அம்மூதாட்டி.

பிறகு நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஹிஜ்ரி 1371, ரமளான் மாதம். மேலத்தெரு செக்குக்காரர் வீட்டு அக்காளிடம் வாங்கிய வரகு இரண்டு மரக்கால். கொடுக்கவில்லை. அவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். என் பிள்ளைகளில் ஓதத் தெரிந்தவர் கொடுத்துவிட வேண்டும்.

அந்த ரமளான் 1952ஆம் ஆண்டு கோடையில் வந்தது. அதற்கு முன் மழை பொய்த்து, உணவுக்குப் பங்கீடு வைத்திருந்த காலம். எங்கள் வீட்டார் நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சியது செக்குக்காரர் வீட்டு வரகில்தான் போலும்! பங்கீட்டு அட்டையைப் பாராமல், சமயத்தைப் பாராமல், அளந்து போட்ட கை அது.

நான் வாயடைத்துப் போனேன். இறுதி நாளில் நன்னி தட்டிக் காட்டியது இதனையே. ஓதத் தெரிந்தவன் வந்துவிட்டான் என்று நம்பிக் கொடுத்தார். ஓதத் தெரிந்தவன் யாஸீன் ஓதிவிட்டு எழுந்து போனான். கடனோடு இறந்த தோழர் ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபிபெருமானார் (ஸல்) அவர்கள் முன்வராததையும், அக்கடனை அபூ கதாதா (ரலி) அவர்கள் ஏற்ற பிறகே தொழுவித்ததையும் எத்தனை ஜும்ஆக்களில் சொல்லியிருப்பேன்! திருமறையின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியதே என்று எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! பள்ளிக்கூடம் காணாத பாட்டி அவ்வசனத்தின்படி எழுதி வைத்தார். படித்த பேரனுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

அன்று மாலை கடற்கரையில் அமர்ந்திருந்தேன். குடும்பம் குடும்பமாக மக்கள் காற்று வாங்கிக்கொண்டிருந்தனர். மார்க்கோ போலோ சொன்ன கோடு நினைவுக்கு வந்தது. என்னைச் சுற்றியும் ஒருவர் கோடு கிழித்திருக்கிறார். முப்பது ஆண்டுகளாக அதனைக் காணாமலே தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன்.

இரண்டு மரக்கால்

ஊர் திரும்பியதும் விசாரிக்கத் தொடங்கினேன். உரியவர் கிடைக்காவிடில் அவர் பெயரால் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்பது சட்டம். ஆனால் தேடுவது முதற்கடமை. மேலத்தெரு முதியவர் ஒருவர் சொன்ன குறிப்பைக் கொண்டு, அக்குடும்பத்தின் பேரன் ஆத்தூரில் மளிகைக் கடை வைத்திருப்பதை அறிந்தேன்.

கடனாகப் பெற்ற தானியத்தை அதே இனத்தில், அதே அளவில் திருப்பித் தரவேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறும். வரகு கிடைத்தது, மரக்கால் கிடைக்கவில்லை. படியும் மரக்காலும் போய்க் கிலோ வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டதே! கடைசியில் ஒரு விவசாயி வீட்டுப் பரண்மேல் ஒன்று அகப்பட்டது. தலைதட்டாமல், குவித்தே இரண்டு மரக்கால் அளந்து எடுத்துச் சென்றேன்.

கடைக்காரர் முழுவதையும் கேட்டார். அவர் பிறப்பதற்கு முந்தைய கணக்கு அது. “இதற்காகவா பாய் இவ்வளவு தூரம் வந்தீர்கள்?” என்றார். காலத்தாமதத்துக்காக நான் மனமுவந்து நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டார். வரகை மட்டும் வாங்கிக்கொண்டார். “எங்கள் ஆயா கொடுத்ததுதானே, அது வீட்டுக்கு வரட்டும்” என்று சொல்லி, இரு கைகளாலும் ஏந்தி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

சகோதரர்களே! கொற்கையைவிட்டுக் கடல் போனதை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் ஓர் எழுத்து நம் வீட்டைவிட்டுப் போவதைத் தடுத்திருக்கலாம். உங்கள் வீட்டு அலமாரியிலும் பாட்டியாரின் கிதாபு ஒன்று இருக்கக்கூடும். ஓதத் தெரிந்தோர் உயிரோடு இருக்கும்போதே அதனை எடுத்துச் சென்று காட்டுங்கள். அதில் துஆவும் இருக்கலாம். நீங்கள் தீர்க்க வேண்டிய கணக்கும் இருக்கலாம்.

காயல்பட்டினத்து மூதாட்டியிடம் அரபுத் தமிழ் கற்க, இந்த ஹஜ் மாதத்துக்குப் பின் மீண்டும் செல்ல எண்ணியிருக்கிறேன். அவருடைய பேத்தியும் உடன் அமர்ந்து கற்பதாகச் சொல்லியிருக்கிறாள். அதுவரை அவருக்கு உடல்நலத்தையும், எனக்கு ஆயுளையும், நம் முன்னோரின் கடன்களைத் தீர்க்கும் பேற்றினை நம் அனைவருக்கும் வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.