பலகை பெயர்த்த படலம்

கோடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள். கோக்கர்ஸ் வாக்கில் நின்று, பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வரும் அழகைப் பார்ப்பார்கள். பேரிக்காயும் பிளம்ஸும் வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். சென்ற மாசி மாதம் நாங்கள் அங்கே போனது இவற்றில் எதற்காகவும் அல்ல. எங்கள் குடும்பத்துக்கு உரிய பழைய வீடு ஒன்றின் தரைப் பலகைகளைப் பெயர்ப்பதற்காக ஒரு கடப்பாரையும் கையுமாகப் போய்ச் சேர்ந்தோம்!

1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் அங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். பிற்காலத்தில் எழுந்த வீடுகள் பலவற்றில் சுவர் கருங்கல், தரையோ பலகை. ஏழாயிரம் அடி உயரத்துக் குளிரில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். எங்கள் வீடும் அத்தகையதே. மோட்டார்ப் பாதை முற்றுப்பெறாத காலத்தில், பெரியகுளத்துப் பக்கம் அடிவாரத்திலிருந்து மனிதர்கள் தலைச்சுமையாகவே மரத்தை மேலே கொண்டு வந்தார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு.

பலகைகள் நன்றாகத்தான் இருந்தன. அவற்றைத் தாங்கி நின்ற சட்டங்கள் ஈரத்தில் உளுத்துவிட்டன. "எல்லாவற்றையும் உடைத்து எறிந்துவிட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாம், ஸார். நாலே நாளில் வேலை தீர்ந்தது!" என்றார் மேஸ்திரி. எங்கள் தாயார் ஒன்றும் பேசவில்லை. அறையின் மூலையைச் சுட்டிக் காட்டி, "நீ நடை பழகினது இந்தப் பலகையில்தான்" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் விவாதத்துக்கு இடம் ஏது?

வேறொரு காரணமும் உண்டு. இனி அத்தகைய மரத்துக்கு எங்கே போவது? காட்டு மரங்களை வெட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 1996-இல் கடுமையான தடை விதித்தது. பழனி மலைக் காடுகளில் பெரும்பகுதி 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. இரண்டும் மிக நல்ல காரியங்கள். ஆகவே, வெட்டி முடிந்த பழைய மரத்தை வீணாக்காமல் காப்பது நம் கடமையாகிறது.

முதல் நாள் கடப்பாரையைப் பலகைச் சந்தில் செருகி, பலங்கொண்ட மட்டும் அழுத்தினோம். படீரென்று ஒரு சத்தம்! பலகை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்தது. இரண்டாவது பலகைக்கும் அதே கதிதான். கடப்பாரையின் மறுமுனை சுவரில் இடித்துச் சுண்ணாம்புப் பூச்சில் ஒரு பள்ளத்தையும் உண்டாக்கியது. அடுத்த தெருவில் இருந்த வயோதிகத் தச்சர் ஒருவர் சத்தம் கேட்டு வந்தார். "ஸார், இது குழி தோண்டுகிற ஆயுதம். பலகையை எடுக்க வேண்டுமானால் பலகைக்குத் தக்க கம்பி வேண்டாமா?" என்று சிரித்தார். பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் தத்துவத்தைப் பாடமாக நடத்துகிற நாங்கள் வெட்கித் தலைகுனிந்தோம்.

அவரிடம் கற்றதை வாசகர்களுக்குச் சொல்கிறோம்.

நெம்பும் கம்பிகளில் மூன்று வகை உண்டு. கடப்பாரை கல்லுக்கும் மண்ணுக்கும் உரியது. அன்னத்தின் கழுத்தைப் போல் வளைந்து, நுனி பிளந்த இரண்டடிக் கம்பி கதவு நிலை, சட்டம், பெரிய ஆணி ஆகியவற்றுக்கு ஏற்றது. மூன்றாவது, ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலமும் ஓரடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் உள்ள தட்டைக் கம்பி. வீட்டு வேலைக்கு முதலில் வாங்கத் தக்கது இதுவே. இதன் விளிம்பு சந்தில் நுழையும்படி மெல்லியதாக இருக்க வேண்டும். ஆணி பிடிக்கும் பிளவு நுனியிலிருந்து உள்ளே போகப் போகக் குறுகிவர வேண்டும். அழுத்தினால் சற்றே வளைந்து, விட்டவுடன் பழைய நிலைக்கு வருவது நல்ல எஃகு. வளைந்தபடியே நிற்பதை வாங்க வேண்டாம். கடையில் கிடைக்காவிட்டால், பழைய லாரியின் வில்பட்டையைக் கொடுத்து நம்மூர்க் கொல்லரிடம் அடித்து வாங்கிக்கொள்ளலாம்.

கணக்கு மிக எளிது. 24 அங்குலக் கம்பியை நுனியிலிருந்து 2 அங்குலத்தில் ஒரு கட்டையின்மேல் தாங்கினால், கைப்பக்கம் 22 அங்குலம். கையின் பலம் 11 மடங்காகிறது. 20 கிலோ அழுத்தினால் நுனியில் ஏறத்தாழ 220 கிலோ! பலகை பிளந்ததில் ஆச்சரியம் என்ன? பூமியையே நெம்பிவிடலாம் என்று ஆர்க்கிமிடீஸ் மார்தட்டியது இந்தத் தைரியத்தில்தான்.

ஆகவே, பலத்தைப் பல இடங்களில் பகிர்ந்து கொடுக்க வேண்டும். முதலில் சுவரோரத்து அடிப்பலகையை எடுத்துவிட்டு, ஓரத்துத் தரைப்பலகையில் தொடங்குங்கள். அங்கே பலகையின் காடி திறந்திருக்கும். ஆணி இருக்கும் இடத்தருகே கம்பியைச் செருகிக் கால் அங்குலம் மட்டும் தூக்குங்கள். பிறகு அடுத்த ஆணி, அதற்கடுத்த ஆணி என்று கடைசிவரை போய், மறுபடி முதலிலிருந்து வாருங்கள். கம்பிக்கு அடியில் எப்போதும் ஒரு மரத்துண்டு இருக்கட்டும். சுவரும் பக்கத்துப் பலகையும் தப்பும். எடுத்த பலகையில் நிற்கும் ஆணியை முகப்புப் பக்கம் அடித்துத் தள்ளாமல், பின்புறமாகக் குறடால் இழுத்தால் முகம் சிதறாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறிப் பருத்திருக்கும். மாசி, பங்குனியே இவ்வேலைக்கு உகந்த காலம்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவையும் உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டே கம்பியைத் தொடுங்கள். பலகைக்குப் பின்னால் ஒயர் ஓடக்கூடும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருப்பதுண்டு. ஆகையால் அதை நனைத்தே சுரண்டுங்கள். குழந்தைகளை அப்பக்கம் விடாதீர்கள்.

நாலு நாள் வேலை பதினொரு நாளாயிற்று. ஆயினும் முதல் நாள் பிளந்த இரண்டைத் தவிர வேறொரு பலகையும் பழுதாகவில்லை. அவ்விரண்டையும் தச்சர் பசையிட்டு இணைத்து, அலமாரிக்கு அடியில் வரும்படி பாவிவிட்டார். புதிய சட்டங்களின்மேல் தரை எழுந்த அன்று மாலை, எங்கள் தாயார் செருப்பைக் கழற்றிவிட்டு அறையின் மூலைவரை மெதுவாக நடந்தார். ஓரிடத்தில் பலகை 'கிரீச்' என்றது. "அந்தச் சத்தம்கூட அப்படியே இருக்கிறதே!" என்றார்.

மேஸ்திரியும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். புறப்படும் சமயத்தில், அந்தத் தட்டைக் கம்பி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.