தானே ஓடும் பிரவுசருக்கு ஒரு பிராக்ஸி

1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லேத் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே இன்று ஐடி கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. உள்ளே நடக்கும் வேலைகளில் டெஸ்டிங்கும் ஒன்று. லாக்-இன் ஆகிறதா, பணம் அனுப்பும் பட்டன் வேலை செய்கிறதா என்று ஆள் உட்கார்ந்து அமுக்கிப் பார்ப்பது குறைந்துவிட்டது. செலினியம் என்ற டெஸ்டிங் கருவிக்கு எழுதிய ஸ்கிரிப்ட், க்ரோம் பிரவுசரைத் தானே திறந்து, டைப் அடித்து, க்ளிக் செய்து, எங்கே உதைக்கிறது என்று சொல்லிவிடும்.

ஆனால் பல அலுவலகங்களில் பிரவுசர் நேராக இணையத்துக்குப் போக முடியாது. கம்பெனி வாசல் செக்யூரிட்டி மாதிரி நடுவில் பிராக்ஸி சர்வர் நிற்கும்; யார் எங்கே போகிறார் என்று குறித்துக்கொண்டுதான் வெளியே விடும்.

2004இல் ஷிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஜேசன் ஹக்கின்ஸ் செலினியத்தைத் தொடங்கியபோது அது வெறும் ஜாவாஸ்கிரிப்ட். ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தைத் தொட பிரவுசர் விடாது. அதனால் அடுத்து வந்த செலினியம் ஆர்சி, தானே பிராக்ஸியாக நின்று, ஸ்கிரிப்ட்டும் டெஸ்ட் செய்யும் தளமும் ஒரே முகவரியிலிருந்து வருவதாக பிரவுசரை நம்பவைத்தது. நல்ல தந்திரம்தான்! பிறகு வந்த வெப்டிரைவருக்கு அது தேவைப்படவில்லை. 2018இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் தரமாக ஆன வெப்டிரைவரில், பிராக்ஸி முகவரியையும் போர்ட்டையும் அமைப்பிலேயே எழுதிவிடலாம். ஸ்க்விட் பிராக்ஸி என்றால் போர்ட் வழக்கமாக 3128.

சிக்கல் வேறிடத்தில். இங்கே பேச்சு இரண்டு. ஸ்கிரிப்ட், க்ரோமை இயக்க அதே கணினியில் இருக்கும் க்ரோம்டிரைவரோடு பேசுகிறது. அதன் வழக்கமான போர்ட் 9515. க்ரோம் வெளியே இருக்கும் தளத்தோடு பேசுகிறது. பிராக்ஸி வேண்டியது இரண்டாவதற்கு மட்டும். கணினி முழுமைக்கும் HTTP_PROXY என்ற அமைப்பில் பிராக்ஸியைப் பொதுவாக வைத்துவிட்டால், முதல் பேச்சும் பிராக்ஸிக்குப் போய்விடக்கூடும். ‘லோக்கல்ஹோஸ்ட்’, அதாவது ‘இதே கணினி’, என்றதும் பிராக்ஸி தன்னையே தேடிப் பார்த்துக் கைவிரிக்கும். க்ரோம் திறக்கும் முன்பே டெஸ்ட் படுத்துவிடும். NO_PROXY பட்டியலில் லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1 இரண்டையும் சேர்த்தால் தீர்ந்தது.

கடவுச்சொல் கேட்கும் பிராக்ஸி இன்னொரு தொல்லை. 407 என்ற பதிலோடு எழும் பெட்டி வலைப்பக்கத்தைச் சேர்ந்ததல்ல. செலினியம் சாதாரணமாக அதில் டைப் அடிக்க முடியாது. இதே மாதிரிக் கருவியான மைக்ரோசாஃப்டின் பிளேரைட், பெயரையும் கடவுச்சொல்லையும் அமைப்பிலேயே வாங்கிக்கொள்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அதுவே மேல்.

டெஸ்ட் தடையில்லாமல் ஓட வேண்டுமென்று சான்றிதழ்ப் பிழையைக் கண்டுகொள்ளாதே என்று பிரவுசருக்குச் சொல்லிவைப்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்லிவிட்டு, எங்கோ கிடைத்த இலவச பிராக்ஸியை மாட்டாதீர்கள். வாடிக்கையாளரின் லாக்-இன் விவரம் முழுவதையும் நடுவில் இருப்பவர் படித்துவிட முடியும்.