காட்டு வழியில் சைக்கிள்

திக்லிபூரிலிருந்து காளிப்பூர் கடற்கரைக்கு ஏறக்குறைய 18 கி.மீ. நம் அன்பர்கள் சிலர் சைக்கிளிலேயே போய் வருகிறார்கள். லாமியா விரிகுடாவுக்கு அப்பால், 732 மீட்டர் உயரமுள்ள சேடில் பீக் சிகரத்துக்கு நடந்துதான் ஏற வேண்டும்.

போன மழைக்காலத்தில், மரங்கள் அடர்ந்த மண்வழியாகத் திரும்பும்போது விழுந்தேன். கேரியரில் என் மகள். குறுக்கே வேரைக் கண்டதும் பிரேக் பிடித்தேன், அதுதான் தவறு. ஈரமான வேரின்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் சுழலாமல் நின்று, பக்கவாட்டில் சறுக்கிவிடும். சற்று முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டு, ஹாண்டில்பாரைத் திருப்பாமல் வேரை நேராகக் கடக்க வேண்டும். பின்னால் ஆளை ஏற்றவே கூடாது. (மகளுக்கு முழங்கையில் நான்கு தையல். அவள் அம்மா இன்னும் மறக்கவில்லை.)

டயரில் காற்றைச் சற்றே குறைத்தால் மண்ணில் பிடிப்பு கூடும். மிகவும் குறைத்தால் கல்லில் மோதி டியூப் கிழியும். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. ஆகவே இறக்கத்துக்கு முன்பே லேசாக அழுத்தித் தண்ணீரை வழித்துவிடுங்கள். வீடு வந்ததும் செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். நம் கடற்காற்றில் அது துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது.